உங்கள் ஊர் வரலாற்றை நீங்களே பதிவு செய்வது எப்படி? சிறு நகரக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் கடந்துபோனது. புதுக்கோட்டை, தஞ்சை, நாகை மாவட்டங்களில் தென்னை போனதையும் பலா போனதையும் எல்லோரும் எழுதினார்கள். எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீட்டின் பரண் சரிந்து, அதிலிருந்த தகரப் பெட்டி ஒன்று இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தது. உள்ளே நான்கு தலைமுறைப் பத்திரங்கள், கணக்குப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வெயிலில் விரித்துக் காயவைத்தார். காய்ந்தபோது பாதி அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. "ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கலாம் தம்பி" என்றார். அதற்கு அடுத்த வாரம்தான் எங்கள் குழு ஆரம்பித்தது.

இத்தனை வருஷத்தில் நாங்கள் செய்ததையும், செய்து கெடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் பெரிய தலம் இல்லை, யாரும் பேருந்து பிடித்து வந்து பார்க்கும் ஊரும் இல்லை. ஒரு சத்திரம், ஒரு ஊருணி, இரண்டு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், மூடிக் கிடக்கும் ஓர் அரிசி ஆலை. உங்கள் ஊரும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஆட்கள்

ஐந்தாறு பேர் போதும். பட்டம் பெற்றவர்கள் வேண்டும் என்ற கட்டாயமில்லை. எங்களிடம் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், பத்திரம் எழுதுபவர், கல்லூரி மாணவி ஒருத்தி, பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் நான். கூட்டம் சேர்ந்த முதல் நாளே குழுவுக்குப் பெயர், லெட்டர்பேட், தலைவர் பதவி என்று பேச ஆரம்பித்தால் அந்தக் குழு ஆறு மாதம் தாண்டாது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். இரண்டு பேர் விலகிப் போனபிறகே வேலை தொடங்கியது.

பத்திரம் எழுதுபவரை எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்து, பசலி என்னும் நிலவரி ஆண்டுக் கணக்கு, நான்கெல்லை சொல்லும் விதம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அதேபோல் ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் வேண்டும். ஒரே தெரு, ஒரே சாதி ஆட்கள் சேர்ந்து எழுதும் ஊர் வரலாறு அந்தத் தெருவின் வரலாறாகத்தான் முடியும். மற்ற தெருக்காரர்கள் பெட்டியைத் திறக்கவும் மாட்டார்கள்.

ஊரை ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள்

ஒரு நூறு பக்க நோட்டு, ஒரு அளவுநாடா, ஒரு செல்போன். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊரைச் சுற்றி முடித்துவிடலாம். கண்ணில் படும் பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: என்ன அது, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, நீளம் அகலம் என்ன, இப்போதைய நிலை என்ன, ஊரில் அதை என்ன சொல்கிறார்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

கோயிலையும் கோட்டையையும் மட்டும் தேடிப் போகவேண்டாம். சுமைதாங்கிக் கல், மைல் கல், எல்லைக் கல், கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் பதித்த கல், துணி துவைக்கப் போட்ட கல், டூரிங் டாக்கீஸ் இருந்த பொட்டல், தபால் நிலையத்தின் பழைய கட்டடம், தர்கா வாசல் கல்வெட்டு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைத் தோட்டம் எல்லாமே சேரும். எங்கள் ஊருணியில் துவைகல்லாகக் கிடந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், கையில் வாளோடு ஒரு வீரன். நடுகல். எத்தனை வருஷமாக அவன் முதுகில் வேட்டி துவைத்தார்களோ.

ஒன்றையும் இடம் மாற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கல் எங்கே, எந்தத் திசை பார்த்து, எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதே பாதிச் செய்தி. பாதுகாப்பு என்று சொல்லி ஒருவர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோன கல், மறு தலைமுறையில் 'எங்கேயோ கிடந்த கல்' ஆகிவிடும்.

கல்லும் தாளும் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்

நடந்து முடித்ததும் நேராகப் பெரியவர்களிடம் போங்கள். எண்பது தாண்டியவர்கள் பட்டியல் ஒன்று போட்டு, வயது கூடியவரிடம் முதலில். "ஊர் வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: ராஜா வந்தார், குதிரை நின்றது, அந்த இடத்தில் கோயில் கட்டினார். அது வேண்டாம். பொருளை வைத்துக் கேளுங்கள். உலக்கை, மரக்கால், ரேஷன் கார்டு, பழைய போட்டோ எதையாவது கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும்.

வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எங்கள் மேலத்தெருப் பாட்டி ஒருவரிடம் அரிசி ஆலை எப்போது வந்தது என்று கேட்டோம்.

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு? புயலடிச்சப்ப மில்லு கூரை பறந்துச்சு. பெரியவன் அப்ப கைக்குழந்தை."

"எந்தப் புயல் பாட்டி? எம்ஜிஆர் ஆட்சியில வந்துச்சே, அதுவா?"

"அதுக்கு ரொம்ப முந்தி சாமி. அப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்."

எம்ஜிஆர் முதலமைச்சராக இருந்தபோது வந்தது 1977 நவம்பர் புயல். அதற்கு முந்தி இந்தப் பக்கத்தை உலுக்கிய புயல்களில் ஒன்று 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினம் அருகே கரையேறியது. பாட்டியின் மூத்த மகன் வயதும் அதோடு பொருந்தியது. ஆக, 1952-க்கு முன்பே ஆலை இருந்தது என்பது உறுதி. இப்படி உங்கள் வட்டாரத்துக்கு ஒரு 'ஞாபகக் காலண்டர்' போட்டுக்கொள்ளுங்கள்: தாது வருஷப் பஞ்சம் (1876-78), 1924 வெள்ளம், தனுஷ்கோடியைக் கொண்டுபோன 1964 டிசம்பர் புயல், எம்ஜிஆர் இறந்த 1987 டிசம்பர். எங்கள் பகுதிக்குக் கூடுதலாக, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948 மார்ச்.

பதிவு செய்யும் முன் கேட்டுவிட்டு ரெக்கார்டரை அழுத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்; நாங்கள் எடுத்த முதல் நான்கு பேட்டியிலும் பாட்டியைவிட விசிறிதான் அதிகம் பேசுகிறது. வீட்டில் மகனோ மருமகளோ குறுக்கே புகுந்து "அம்மா, அது அப்படி இல்ல" என்று திருத்துவார்கள். தடுக்கவேண்டாம், அதுவும் பதிவாகட்டும். முடிந்த அன்றே பெயர், வயது, தேதி, இடம், யார் கேட்டது என்று எழுதி, பேச்சை எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். தள்ளிப்போட்டால் நடக்காது.

பெட்டிகளைத் திறக்கவைப்பது

கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், நாடக நோட்டீஸ், செட்டியார் கடைப் பேரேடு, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதம் இவையெல்லாம் ஆவணமா என்று கேட்பார்கள். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு சேர்த்து இப்படிப்பட்ட துண்டுத் தாள்களையும் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அதை வைத்துச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழகத்தின் பதிப்பு வரலாறு எழுதுபவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. தொடக்கம் ஒரு சிற்றூர் வீடு.

ஆனால் நீங்கள் மூலத்தைச் சேகரிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. படம் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுவும் அவர்கள் கண்முன்னாலேயே எடுத்து. ஒருமுறை ஒரு பத்திரத்தை 'நாளைக்குத் தருகிறோம்' என்று வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் அப்புறம் ஒரு வருஷம் யாரும் பெட்டி திறக்கவில்லை. பங்காளிச் சண்டையில் இருக்கும் வீட்டில் பத்திரம் என்பது வரலாறு இல்லை, வழக்கு.

படம் எடுப்பதற்கு ஜன்னல் வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டாம். தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, செல்போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். ஸ்கேனர் இருந்தால் எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, பழைய புகைப்படத்துக்கு 600. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றாட, இடையிடையே வெள்ளைத் தாள் செருகி உலர்த்துங்கள். செல்லோடேப் தொடவே கூடாது. ஓலைச்சுவடி கிடைத்தால் கட்டை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித்துறைக்கோ சரசுவதி மகால் நூலகத்துக்கோ சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ சொல்லுங்கள். எண்ணெயிடுவதற்குப் பக்குவம் உண்டு. யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை.

கல்லை வாசிப்பது

இதில்தான் ஆர்வம் அதிகம், சேதமும் அதிகம். எண்ணெய், மஞ்சள், விபூதி, கோதுமை மாவு, கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கல்லில் படக்கூடாது. தென்னந்துடைப்பத்தால் தூசி தட்டி, வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போட்டால் போதும். பாசியை நகத்தால் சுரண்டவும் வேண்டாம்.

எழுத்துப் பள்ளத்தில் சாக்பீஸ் நிரப்பிப் படம் எடுக்கும் பழக்கத்தை நாங்களும் செய்தோம். அதில் ஒரு கோளாறு இருப்பது பிறகுதான் உறைத்தது. சாக்பீஸ் நிரப்பினால் படத்தில் தெரிவது கல்லில் உள்ள எழுத்து இல்லை, நீங்கள் எப்படிப் படித்தீர்களோ அந்த எழுத்து. தப்பாகப் படித்திருந்தால் அடுத்து வருபவருக்கும் அந்தத் தப்பே தெரியும்.

சாய்ந்த வெளிச்சம் பிடியுங்கள். காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி வெயில் நல்லது. இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒட்டினாற்போல் பிடித்து, இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் தனித்தனியே படம் எடுங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த கல்லில் இரவு எட்டு மணிக்கு வரிவரியாக எழுத்து எழுந்து நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே சிலிர்க்கும். முறையான மைப்படி எடுப்பது அடுத்த கட்டம்: நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மையை ஒற்றி எடுப்பது. அதைத் தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல் இருக்கும், காலும் ரகரமும் ஒன்றே. இடையிடையே வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து வரும். பாண்டிய நாட்டுப் பழங்கல்வெட்டுகள் பல வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் இருக்கும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று ஆரம்பித்து, மன்னன் பெயர், 'யாண்டு' என்று ஆட்சியாண்டு, பிறகு நாடு, ஊர், கொடை என்று போகும். மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் ராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன். சிறு நகரத்துச் சத்திரம், குளம், மண்டபத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இவற்றை அல்ல, 17, 18, 19-ஆம் நூற்றாண்டுக் கற்களை. அவற்றில் தேதி கணக்கிடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் சத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஊரில் அதற்குப் பெயர் மங்கம்மா சத்திரம். ராணி மங்கம்மாள் கட்டியது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். தமிழ்நாட்டின் தென்பாதியில் பெயர் தெரியாத சத்திரமெல்லாம் அவர் கணக்கில்தான் எழுதப்படும். கிணற்று மேடையில் சுண்ணாம்பு மூடிய ஒரு கல் இருந்தது. டார்ச் வைத்துப் பார்த்தபோது முதல் வரி இப்படி வந்தது:

சாலிவாகன சகாப்தம் ௲௭௱௨௰ இதன்மேல் செல்லாநின்ற காளயுக்தி ௵ தை ௴

௲ என்பது ஆயிரம், ௭௱ எழுநூறு, ௨௰ இருபது. ஆக சகம் 1720. ௵ வருஷம், ௴ மாதம். சக ஆண்டோடு 78 கூட்டினால் 1798. ஆனால் அவசரப்பட்டு 1798 என்று எழுதிவிடக்கூடாது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, தை மாதம் வரும்போது ஆங்கில வருஷம் மாறியிருக்கும். எனவே இது 1799 ஜனவரி, பிப்ரவரி வாக்கு.

இருபதைக் குறிக்கும் எழுத்து கொஞ்சம் சிதைந்திருந்தது. முப்பதாக இருக்குமோ என்று ஆசிரியருக்குச் சந்தேகம். அங்கே வருஷப் பெயர் கைகொடுத்தது. அறுபது வருஷச் சுழற்சியில் காளயுக்தி 52-வது. 1987-ல் சுழற்சியின் முதல் வருஷமான பிரபவ பிறந்தது என்பதை வைத்துப் பின்னோக்கி எண்ணினால் காளயுக்தி வருவது 1678, 1738, 1798, 1858-ல். சகம் 1730 என்றால் 1808, அது விபவ. பொருந்தவில்லை. எண்ணும் பெயரும் ஒத்துப்போவது 1720-க்கு மட்டும்தான். ராணி மங்கம்மாள் ஆட்சி 1689 முதல் 1706 வரை. அந்தக் காலத்துக்குள் காளயுக்தி வருஷமே வரவில்லை. கல் பேசும் காலத்தில் புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாதத் தொண்டைமான். அடுத்த வரிகளில் இருந்ததோ ராணியும் இல்லை ராஜாவும் இல்லை, ஒரு வியாபாரியின் பெயர்.

மற்ற கணக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கலியுக ஆண்டென்றால் 3101 கழிக்கவேண்டும். கொல்லம் ஆண்டென்றால் 825 கூட்டவேண்டும். மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும். பத்திரங்களில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஒரு தேதியை இரண்டு வழியில் சரிபார்க்காமல் வெளியே சொல்லாதீர்கள்.

கோயில் கல்வெட்டுக்கு இன்னொரு அவசரம் உண்டு: திருப்பணி. கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் மற்ற வேலையை விட்டுவிட்டு அங்கே ஓடுங்கள். பெயின்ட், டைல்ஸ், மணல் வீச்சு, சிமென்ட் பூச்சு இந்த நான்கும் புயலைவிட அதிகக் கல்வெட்டுகளைக் கொண்டுபோயிருக்கின்றன. திருப்பணிக் குழுவோடு சண்டைக்கு நிற்காமல், "ஐயா, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ரெண்டு நாள் போட்டோ எடுத்துக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லும் முன்

இரண்டாம் வருஷம் ஒரு சோழர் கல்வெட்டைப் படித்துவிட்டு நாளிதழுக்குச் செய்தி கொடுத்தோம். போட்டோவோடு வந்தது. மறுநாள் காலை ஒரு பேராசிரியர் போன் செய்தார். "நல்லா படிச்சிருக்கீங்க. 1929-லேயே அச்சாயிடுச்சு, அதையும் பார்த்துருங்க" என்றார். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடத்தை அந்த ஆண்டு வெளியிட்டிருந்தது. எங்கள் கல்லும் அதில் இருந்தது, நாங்கள் விட்ட இரண்டு வரியோடு சேர்த்து. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று: 1929-ல் படித்தபோது முழுதாக இருந்த கடைசி வரியில் இப்போது குழாய் பதிக்கத் துளை போட்டிருக்கிறார்கள். இப்போதைய நிலையைப் பதிந்ததற்கு அந்த மட்டில் பலன் உண்டு.

எங்கே தேடுவது என்பது உங்கள் ஊரை முன்பு யார் ஆண்டார்கள் என்பதைப் பொறுத்தது. 1890 முதல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் வெளியிட்ட கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் எல்லோருக்கும் பொது. மாநிலத் தொல்லியல் துறை 1961-ல் தொடங்கியது. அதன் மாவட்ட, வட்டக் கல்வெட்டுத் தொகுதிகளையும் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை. தஞ்சை வட்டாரத்துக்கு மராட்டியர் காலத்தில் மோடி என்னும் மராட்டி எழுத்தில் எழுதிய ஆவணங்கள். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியரிடம் இருந்ததால் அதன் தாள்கள் கோபன்ஹேகன் வரை போயிருக்கின்றன. காரைக்கால் என்றால் பிரெஞ்சு. மற்ற ஊர்களுக்கு வெள்ளைக்காரர் கால மாவட்டக் கையேடுகள் உண்டு: மதுரைக்கு நெல்சன் (1868), சேலத்துக்கு லெபானு (1883), தஞ்சைக்கு ஹெமிங்வே (1906), திருநெல்வேலிக்கு பேட் (1917). இவற்றில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாகக் கிடைக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்வாருங்கள். போகும்போது தேடும் ஊரின் பழைய வட்டம், ஜமீன் பெயர், பழைய எழுத்துக்கூட்டல் எல்லாம் எழுதிக்கொண்டு போகவேண்டும், இல்லையென்றால் நாள் வீண்.

இத்தனையும் பார்த்தபிறகும் புதிது என்றால் கொண்டாடலாம். தஞ்சாவூரில் இயங்கும் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் இப்படிப் புதிதாகக் கண்ட கல்வெட்டுகளை அச்சிடுகிறது. எழுதுபவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் நிறைய. நாளிதழ்ச் செய்தி மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும், அந்த இதழில் வந்தால் ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

தோண்டாதீர்கள். உரிமம் இல்லாமல் அகழாய்வு செய்வது குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிலை, செப்பேடு, நாணயம் போன்றவை தொல்பொருள். சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 வருஷம். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் தூரத்துக்கு அனுமதி வேண்டும் என்பது 2010 திருத்தத்தில் வந்தது.

மேலே தெரிவதைப் பதிவு செய்து, துறைக்குச் சொல்லி, விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருப்பதுதான் நம் வேலை. கீழடியில் 1970களில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மண்ணில் கிடைத்தவற்றைக் கவனித்துத் துறைக்குச் சொல்லியிருந்தார். அங்கே அகழாய்வு ஆரம்பித்தது 2015-ல். எங்கள் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் உள்ளூர் ஆர்வலர்கள் வருஷக்கணக்கில் பேசியும் எழுதியும் வந்த பிறகு 2021-ல் முதல் குழி விழுந்தது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாது.

வம்பு வரும் இடங்கள்

கல்வெட்டில் நிலம் இருக்கும், முதல் மரியாதை இருக்கும், சாதிப் பெயர் இருக்கும். 300 வருஷத்துக்கு முந்தைய ஒரு வரியைத் தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் மைக்கில் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களிடம் ஒரு தரப்பு வந்து, "அந்த வரியை மட்டும் எழுதிக் கொடுங்க, கோர்ட்டுல போடணும்" என்றது. மறு தரப்பு, "அந்த வரியை விட்டுருங்க" என்றது. முழுப் பாடத்தையும் அச்சில் வந்தபடி இரு தரப்புக்கும் ஒரே நாளில் கொடுத்தோம். துண்டாக யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்பது அன்றிலிருந்து விதி. 'எங்கள் ஊர் ஈராயிரம் வருஷப் பழமை' என்று எழுதச் சொல்லி நன்கொடை தருபவர்களும் வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சேர்த்ததைக் காப்பாற்றுவது, சங்கம், பணம்

ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருந்த பதினொரு பேட்டிகளை இழந்தோம். அதில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மூன்று பிரதி வையுங்கள்: இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்கில், ஒன்று வெளியூரில் இருக்கும் ஒருவரிடமோ கூகுள் டிரைவிலோ. கோப்புப் பெயர் 2019-08-14_மேலத்தெரு_பத்திரம்_03 என்ற மாதிரி தேதியில் ஆரம்பித்தால் தானே வரிசையாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போன படம், அதை மூலமாக நினைக்காதீர்கள். பட்டியல் நோட்டை மட்டும் காகிதத்திலும் வைத்திருங்கள்.

சங்கமாகப் பதிவு செய்வது அரசுக்குக் கடிதம் எழுதவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் உதவும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். வருஷாவருஷம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று வேலை உண்டு. இரண்டு வருஷம் சேர்ந்து வேலை செய்து பார்த்துவிட்டு, இன்னும் பேசிக்கொண்டிருந்தால் பதியுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் கட்ட ஆசைப்படவேண்டாம். பூட்டு, காவல், கரையான் மருந்து, மின்கட்டணம் யார் பார்ப்பது? ஆதரவில்லாமல் கிடக்கும் பொருளை மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுங்கள்; எங்கள் புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910-லிருந்து இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு ஊர் நடை வையுங்கள். மதுரையில் பசுமை நடை 2010-லிருந்து மலைகளையும் கல்வெட்டுகளையும் நோக்கி மக்களை நடத்திக் கூட்டிப்போய், அங்கேயே உட்காரவைத்துக் கதை சொல்கிறது. எங்கள் நடைக்கு முதல் மாதம் வந்தது ஒன்பது பேர், அதில் நான்கு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். ஆறாவது மாதம் ஒரு அம்மா தன் மாமியாரின் தகரப் பெட்டியைத் தானாகவே கொண்டுவந்தார்.

எழுபது பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டோம். ஒவ்வொரு செய்திக்கும் அது கல்லா, தாளா, வாய்மொழியா என்று பக்கத்திலேயே குறித்தோம். கிளை நூலகத்துக்கு இரண்டு, பள்ளிக்கு ஐந்து, பேட்டி கொடுத்த வீடுகளுக்கு ஆளுக்கொன்று.

சத்திரத்து வாசலில் பேரூராட்சி அனுமதியோடு ஒரு பலகை வைத்தோம்: கட்டியவர் பெயர், சகம் 1720, காளயுக்தி வருஷம் தை மாதம், அதாவது 1799. எதிரே டீக்கடைக்காரர் தினமும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கடை திறக்கிறார். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். "நேரா போங்க, மங்கம்மா சத்திரம் வரும், அதுக்கு எதுத்தாப்புல" என்றார் கடைக்காரர். எங்கள் நோட்டில் 14-ஆம் எண் பக்கத்தின் கடைசி வரியில் அதுவும் இருக்கிறது: 'ஊர் வழக்கு: மங்கம்மா சத்திரம்.'